வாற்கோதுமையின் வரைபடம்

நோயுற்றவர்க்குக் கஞ்சியாகவும், கோடையில் நீர்க்கடுப்புக்கு வடிநீராகவும் 'பார்லி' என்னும் பெயரோடு நம் இல்லங்களில் புகுந்த தானியத்திற்கு வாற்கோதுமை என்று நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. நாம் குடியிருக்கும் தேஹு ரோடு கடைவீதியில் கேட்டால் சிறு பொட்டலமாகக் கிடைக்கும். சுற்றுப்புற வயல்களில் அதைக் காண்பது அரிது.

ஆனால் இதே புணே மாவட்டத்தில், கோட் நதிக்கரையிலுள்ள இனாம்காவில் கி.மு. 1600 முதல் 700 வரை வாழ்ந்த உழவர்க்கு அதுவே தலையாய தானியம். 1968 முதல் 1983 வரை டெக்கான் கல்லூரியார் அங்கு அகழ்ந்தபோது, கரிந்த வாற்கோதுமை மணிகளும் ஆற்றுநீரைத் திருப்பிய வாய்க்காலும் வெளிப்பட்டன. கி.மு. 1000-க்குப்பின் வறட்சி மிகுந்து அப்பயிர் குன்றியது என்பது அகழ்ந்தோரின் கருத்து. அவ்வாறு இம்மண்ணைவிட்டு நீங்கிய தானியம், அண்மைக் காலத்தில் உலக விஞ்ஞானிகளின் பாடப்புத்தகமாயிற்று. அவ்வரலாற்றில் நம் நாட்டவர்க்கும் பங்குண்டு.

மரபணு வரைபடம் என்பது யாது? ஒரு செடியின் பண்புகள் குரோமோசோம் என்னும் இழைகளில் வரிசையாக அமைந்துள்ளன. வாற்கோதுமையில் இவை ஏழு இணைகள். இருவகைச் செடிகளைக் கலந்து பெற்ற சந்ததியில், எவ்விரு பண்புகள் பெரும்பாலும் பிரியாமல் வருகின்றனவோ அவை அருகருகே உள்ளன என்று கொள்ளலாம். இக்கணக்கை வைத்து அமெரிக்கரான ஸ்டர்ட்டவன்ட் 1913-இல் பழ ஈயின் முதல் வரைபடத்தை வரைந்தார். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பண்புகள் எத்தனை? கதிரின் வரிசை, உமியின் நிறம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம், இடையே பெருவெளி.

அவ்வெளியை நிரப்பியவை மூலக்கூறு அடையாளங்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் நிறைவளிக்கவில்லை; 'மைல்கல்' என்பதே பொருந்தும் என்று தோன்றுகிறது. நம் ஊரின் வழியே செல்லும் பழைய பம்பாய்–புணே சாலையில் இருட்டில் போகிறவன் ஊரைக் காணாவிடினும் கல்லைக் கண்டு ஊர் அருகில் என்று அறிகிறான் அன்றோ? டி.என்.ஏ.யில் ஓரிடத்தில் ஒரு வகைச் செடிக்குச் சில எழுத்துகள் பத்துமுறை திரும்ப வரும். மற்றொன்றுக்குப் பதின்மூன்று முறை. அவ்வேறுபாடே கல். நோய் தாங்கும் மரபணு அதனருகே இருக்குமாயின், நாற்றின் ஓர் இலைத்துணுக்கைச் சோதித்தே தக்க செடியைத் தேர்ந்துவிடலாம். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

1991-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வாற்கோதுமைக்கு இத்தகைய வரைபடங்கள் வெளிவந்தன. 1993-இல் 'ஸ்டெப்டோ', 'மோரெக்ஸ்' என்னும் இரு ரகங்களைக் கலந்து பெற்ற 150 வழிகளைக்கொண்டு இன்னொன்று வந்தது. பயன் விரைவில் தெரிந்தது. சாம்பல் நோயைத் தடுக்கும் பண்பொன்று எத்தியோப்பிய நாட்டு ரகங்களில் உண்டு. அதற்குரிய மரபணுவை 1997-இல் வரைபடத்தின் துணைகொண்டே பிரித்தெடுத்தனர். ஏழை உழவர் தலைமுறை தலைமுறையாகக் காத்த விதை இல்லாவிடில் அவ்வரைபடத்தில் தேடுவதற்கு ஏது இருந்திருக்கும்?

மீரட்டில் பேராசிரியர் பி. கே. குப்தாவின் குழுவில் கோதுமையை ஆராய்ந்த ராஜீவ் வர்ஷ்னேயும் மனோஜ் பிரசாதும் பின்னர் ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபன் நிலையத்தில் வாற்கோதுமை ஆராய்ச்சியில் ஈடுபட்டனர். 2007-இல் அங்கிருந்து வெளிவந்த, ஆயிரம் இடங்களைக் குறித்த வரைபடத்தில் இருவர் பெயரும் உள்ளன. கற்றதை அவர்கள் அங்கேயே விட்டுவிடவில்லை. வர்ஷ்னே 2005-இல் ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட்டிற்கு வந்தார். அவர் தலைமையில் துவரையின் மரபணுத்தொகுதி வரைவு 2011-இல் வெளியாயிற்று. மலட்டுத் தேமல் நோய் வந்தால் துவரைச் செடி பூக்காமல் நின்றுவிடும். சாம்பாரை நம்பி வாழும் நமக்கு அது சிறு செய்தியன்று. பிரசாத் டில்லியிலுள்ள தேசியத் தாவர மரபணுத்தொகுதி ஆராய்ச்சி நிலையத்தில் தினையை எடுத்துக்கொண்டார். குறிஞ்சி நிலத்துத் தினைக்கு மைல்கற்கள் நடும் கலை வாற்கோதுமை வயலில் பழகியது என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

வாற்கோதுமையின் முழு எழுத்துத்தொகுதி சுமார் 510 கோடி, நெல்லினுடையதைப்போல் பன்மடங்கு. அதன் செம்மையான வாசகம் 2017-இல்தான் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில், சாக்கடலருகே ஒரு குகையில் உலர்ந்து கிடந்த 6,000 ஆண்டுப் பழைய மணிகளின் டி.என்.ஏ.யைப் படித்து, இன்றும் அப்பகுதியில் விளையும் ரகங்களுக்கு அவை நெருங்கிய உறவு என்று கண்டனர். இனாம்காவு மணிகளையும் அவ்வாறு படிக்கலாகாதா என்று நம் நெஞ்சு அவாவுகிறது. ஆனால் அவை நெருப்பில் கரிந்தவை. கரிந்த மணியில் டி.என்.ஏ. பெரும்பாலும் எஞ்சுவதில்லை. மண்ணில் மக்காமல் அவற்றைக் காத்ததும் அந்த நெருப்பே.