பென்சில் சீவிய கத்தி

1950களில் ஜப்பானில் பள்ளிக்கூடம் போன எந்தப் பையனின் கால்சட்டைப் பையைத் துழாவியிருந்தாலும் ஒரு மடக்குக்கத்தி கையில் தட்டுப்பட்டிருக்கும். ஹிகோனோகாமி என்று பெயர். வகுப்பில் பென்சில் சீவுவதும் அதுதான். வகுப்பு விட்டதும் மூங்கிலைச் செதுக்கி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிப் பறக்கவிடும் தும்பியைச் செய்வதும் அதுதான்.

நான் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஷார்ப்னரில் திருகிய முனை கோடு போட உதவும், நிழல் போட உதவாது. மரத்தை நீளமாகச் சீவி, கரியை விரலகலம் வெளியே விட்டால்தான் அதைப் படுக்கவைத்துத் தேய்க்கலாம். அதற்காக வாங்கத் தொடங்கிய மடக்குக்கத்திகள் இன்று ஓர் இழுப்பறையை நிறைத்துக் கிடக்கின்றன. பிரான்சின் ஒப்பினெல் இருக்கிறது, ஷெஃபீல்டுக் கத்திகள் இருக்கின்றன. ஆனால் வெளியே படம் வரையப் போகும்போது பையில் வருவது ஹிகோனோகாமிதான்.

அதன் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். பித்தளைத் தகடு ஒன்றை நீளவாக்கில் மடித்தால் பிடி ஆயிற்று. அதற்குள் ஓர் அலகு, இரண்டையும் சேர்க்க ஒரே ஓர் ஆணி. வில் கிடையாது, பூட்டும் கிடையாது. அலகின் அடியிலிருந்து சிறிய வால் ஒன்று நீண்டிருக்கும்; சிகிரி என்பார்கள். அதைப் பெருவிரலால் அழுத்தினால் அலகு திறக்கும். வெட்டும் நேரம் முழுக்க விரல் அதன்மேலேயே இருக்க வேண்டும், எடுத்தால் அலகு மடங்கப் பார்க்கும். பிடித்திருப்பவன் கவனமாக இருந்தாக வேண்டும். குழந்தைக்குக் கொடுக்க இதைவிட நல்ல கத்தி இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். நாள்பட்டு ஆணி தளர்ந்தால் சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

நல்ல வகைகளில் அலகு மூன்று அடுக்கு. நடுவில் கடினமான எஃகு, இருபுறமும் மென்மையான இரும்பு. எலுமிச்சம்பழம் வெட்டிவிட்டுத் துடைக்க மறந்தால் கறுத்துவிடும். ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைப்பேன்.

இந்தக் கத்தி பிறந்தது ஹ்யோகோ மாநிலத்தின் மிகி என்ற ஊரில், 1890களில். 1876இல் சாமுராய்கள் வாள் அணிவது தடை செய்யப்பட்டது, பிழைப்பிழந்த வாள்கொல்லர்கள் மடக்குக்கத்தி அடிக்கத் தொடங்கினார்கள் என்று சேகரிப்பாளர்கள் ஆசையோடு சொல்வதுண்டு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மிகி வாளுக்குப் பேர்போன ஊரல்ல, தச்சுக் கருவிகளின் ஊர். 1578 முதல் 1580 வரை ஹிதெயோஷி என்ற தளபதியின் படை மிகி கோட்டையை முற்றுகையிட்டு, உணவை மறித்தே வீழ்த்தியது. அழிந்த ஊரைத் திரும்பக் கட்ட வந்த தச்சர்களின் பின்னால் கொல்லர்களும் வந்தார்கள். உளி, இழைப்புளி, ரம்பம் என்று தலைமுறை தலைமுறையாக அடித்த ஊர் அது. இந்தக் கத்தியின் மூதாதை உளிதான். வாளைவிட அந்த வம்சமே எனக்கு உயர்வாகப் படுகிறது.

தெற்கே க்யூஷூ தீவிலிருந்து இரும்புச் சாமான் வியாபாரி ஒருவர் மாதிரிக்குக் கொண்டுவந்த கத்தியைப் பார்த்து மிகியின் கொல்லர்கள் இதைச் செய்தார்கள். க்யூஷூவிலேயே நிறைய விற்றதால், அங்குள்ள ஹிகோ நாட்டின் தலைவரைக் குறிக்கும் பட்டம் அதற்குப் பெயராயிற்று. பல பட்டறைகள் செய்தன; பெயர் வணிக முத்திரையாகப் பதிவும் ஆனது.

பிறகு 1960, அக்டோபர் 12. தோக்கியோவின் ஹிபியா அரங்கில் தேர்தல் கூட்டம். சோஷலிசக் கட்சித் தலைவர் அசனுமா இனெஜிரோ பேசிக்கொண்டிருந்தபோது, பதினேழு வயது இளைஞன் ஒருவன் மேடையேறிக் குத்திக் கொன்றான். நாடே தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது. அவன் கையில் இருந்தது குட்டை வாள். ஆனால் அதன்பின் எழுந்த ‘பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம்’ என்ற இயக்கம் பறித்ததோ பென்சில் சீவிய கத்தியை. வகுப்பறை மேசைகளில் கைப்பிடி சுழற்றும் ஷார்ப்னர்கள் வந்து உட்கார்ந்தன. பட்டறைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. இன்று ஹிகோனோகாமி என்ற முத்திரையோடு கத்தி செய்வது மிகியின் நாகாவோ கானெகோமா பட்டறை ஒன்றுதான்.

அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கொலையைக் கண்ணால் பார்த்த பெற்றோர் வேறென்ன செய்வார்கள்? ஆனால் விலை கொடுத்தவை பிள்ளைகளின் விரல்கள். என் வகுப்புகளிலும் பார்த்திருக்கிறேன். எங்கள் தலைமுறை சவர பிளேடின் பாதியை வைத்துப் பென்சில் சீவியது. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது விரலுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த பிள்ளைகளிடம் கத்தியைக் கொடுத்தால், முதல் சீவலிலேயே கரியை ஒடித்துவிடுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். எவரும் கொடுத்துப் பழக்கவில்லை.

நாகானோ மாநிலத்தின் இகெதா என்ற சிற்றூரில் ஐசோமே என்றொரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. 1980களிலிருந்து அங்கே சேரும் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு ஹிகோனோகாமி தருகிறார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகள் அதில்தான் தங்கள் பென்சிலைச் சீவிக்கொள்கிறார்கள்.