கடைதலும் தாங்குதலும்: ஒரு தொழிற்சொல் வரலாறு

மரத்தண்டைச் சுழலவிட்டு, அதன்மேல் உளியை வைத்து உருட்சியான வடிவம் கொடுக்கும் தொழிலைத் தமிழ் 'கடைசல்' என்று வழங்குகிறது. கட்டிற்கால், தொட்டிற்கம்பு, பூரிக்கட்டை, மத்து, மாடிப்படியின் சிறுதூண், சிறுவர் விளையாடும் மரச்செப்பு ஆகிய யாவும் இத்தொழிலின் ஆக்கங்களே. இத்தொழிலைக் குறிக்கும் வினைச்சொற்கள் இந்திய மொழிகளில் தொன்மையும் உயிர்ப்பும் உடையனவாக உள்ளன. ஆனால் அதே தொழிலில் இன்றியமையாததோர் உறுப்பாகிய, உளியைத் தாங்கும் நீண்ட சட்டத்திற்குப் பொதுமொழியில் அத்தகைய நிலைபெற்ற பெயர் அமையவில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தையும், அது மொழிபெயர்ப்பில் விளைவிக்கும் இடர்ப்பாட்டையும் தமிழ், மராத்தி ஆகிய இரு மொழிகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மராத்தி அகராதிப் பணியின் நடுவிடமாக விளங்கிய புனே நகரம் இதற்குப் பொருத்தமான களமாகும்.

1. தொழிலின் அமைப்பு

பழைய இந்தியக் கடைசல் பொறி மிக எளிமையானது. தரையில் ஊன்றிய இரு கட்டைகளில் இரண்டு இரும்பு முனைகள் எதிரெதிராக நிற்கும். அவற்றிடையே மரத்தண்டு பொருத்தப்படும். தண்டின்மேல் கயிற்றைச் சுற்றி, அதன் இரு தலைப்பையும் துணையாள் ஒருவர் மாறிமாறி இழுப்பார். வில்லின் நாணைச் சுற்றி இழுப்பதும் உண்டு. எவ்வாறாயினும் தண்டு ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழலும். மரம் உளியை நோக்கி வரும் சுழற்சியில் மட்டுமே வெட்டு நிகழும்; திரும்பும் சுழற்சியில் உளியைச் சற்றே பின்வாங்க வேண்டும்.

உளி வெறுங்கையில் நிற்காது. சுழலும் மரம் அதனைக் கீழ்நோக்கித் தள்ளும். ஆகவே தண்டுக்கு இணையாக, அதனை ஒட்டினாற்போல ஒரு சட்டம் வைக்கப்படுகிறது. கடைசற்காரர் தரையில் அமர்ந்து, காலையும் துணையாகக் கொண்டு, உளியை அச்சட்டத்தின்மேல் அழுத்திப் பிடிக்கிறார். இச்சட்டத்தை இக்கட்டுரை 'உளித்தாங்கி' என வழங்கும்.

நீண்ட தண்டுகளைக் கடையும்போது தாங்கியின் நீளம் முதன்மை பெறுகிறது. குறுகிய தாங்கியாயின் அதன் எல்லை வந்ததும் சுழற்சியை நிறுத்தி, தாங்கியைப் பெயர்த்து, மரத்திற்கும் அதற்குமுள்ள இடைவெளியையும் உயரத்தையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். இருமுறை கடைந்த பகுதிகள் சந்திக்குமிடத்தில் தடம் விழவும் கூடும். தண்டின் முழு நீளத்திற்கும் அமைந்த தாங்கியில் கைவிரலை விளிம்போடு ஓட்டி, உளியை ஒரே வீச்சில் நகர்த்தலாம். அப்போது தாங்கியின் விளிம்பே அளவுகோலாகிறது. அவ்விளிம்பில் ஒரு பள்ளம் இருப்பின் உளி அங்கே இடறும். அவ்விடறல் மரத்திலும் பதியும். இக்காலப் பொறிகளில் நீண்ட தாங்கியை ஒரே காம்பில் நிறுத்தினால் அதன் கோடிகள் அதிர்கின்றன. எனவே அதனை இரு காம்புகளில் நிறுத்துவது வழக்கம்.

2. வினையின் பெயர்கள்

தமிழில் 'கடைதல்' என்பது மத்தினால் தயிரைக் கடைதல், கீரையை மசித்தல், மரம் முதலியவற்றைக் கடைதல் என்னும் பொருள்களைத் தரும். 1924இல் வெளிவரத் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இப்பொருள்களை ஒரே வினையின்கீழ்த் தொகுத்துள்ளது. கன்னடத்தில் 'கடெ' என்பதும் மலையாளத்தில் 'கடயுக' என்பதும் இவ்வாறே கடைதலையும் கடைசலையும் ஒருங்கே குறிக்கின்றன. ஆகவே இப்பொருள் இணைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று.

இவ்விணைப்புக்குக் காரணம் வெறும் உவமை நயமன்று, தொழிலமைப்பே ஆகும். தயிர் கடைபவர் மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி இரு தலைப்பையும் மாறிமாறி இழுக்கிறார். கடைசற்பட்டறைத் துணையாளும் அதனையே செய்கிறார். பாற்கடல் கடைந்த கதையில் பாம்பைக் கயிறாக்கி இருபுறமும் இழுத்தமையும் இதே இயக்கந்தான். மத்தும் கடைசற் பொருளாதலின், கடைந்து செய்த கருவியைக் கொண்டே கடைதல் நிகழ்கிறது. கயிறு மறைந்து மின்பொறி வந்து, தண்டு ஒரே திசையில் இடைவிடாது சுழலும் இக்காலத்திலும் சொல் மாறவில்லை. 'கடைந்தெடுத்த' என்னும் பேச்சு வழக்கு அடை இவ்வினையின் செல்வாக்கைக் காட்டும்.

தொழிலின் தொன்மைக்கும் சான்று உண்டு. நெடுநல்வாடையில் வருணிக்கப்படும் கட்டிலின் யானைமருப்புக் கால்கள் குடம்போலப் புடைத்தும் உள்ளிப்பூண்டு போலத் திரண்டும் அமைந்துள்ளன. இவை கடைந்த கால்களுக்கு இன்றும் உரிய வடிவங்கள்.

மராத்தி வேறு வழியில் செல்கிறது. அம்மொழியில் 'காத்ணே' என்னும் வினை நூல் நூற்றலையும் மரம் கடைதலையும் குறிக்கும். கடைசற்காரர் 'காத்தாரி' எனப்படுகிறார். சுழலும் கதிரே இங்குப் பொருள் மாற்றத்தின் அடிப்படை. ஆங்கிலத்தில் நீண்ட கடைசல் தண்டைக் குறிக்கும் 'ஸ்பின்டில்' என்ற சொல்லும் நூற்றல் வினையிலிருந்து பிறந்ததே என்பது ஒப்பு நோக்கத்தக்கது.

வடமொழியில் 'பிரமம்' என்பது சுழற்சியையும் கடைசல் பொறியையும் குறிக்கும். விசுவகருமன் சூரியனைச் சுழல்பொறியில் ஏற்றி அதன் ஒளியைக் குறைத்ததாக விட்டுணு புராணம் கூறுகிறது. காளிதாசனும் ரகுவம்சத்து ஆறாம் சருக்கத்தில் இக்கதையை உவமையாக ஆண்டுள்ளான். அங்குச் சீவுதலைக் குறிக்க வருவது எழுதுதலுக்கும் உரிய 'லிக்' என்னும் வினையடி. சிங்களத்தில் 'லியனவா' என்பது எழுதுதலையும் கடைதலையும் ஒருசேரக் குறிக்கிறது. கடைசல் பொறி 'லியன பட்டலய' எனப்படுகிறது. இந்தியிலும் உருதுவிலும் வழங்கும் 'கராத்' என்னும் சொல் பாரசீகத்தின் வழியே அரபியிலிருந்து வந்தது. அரபி வினைக்குக் கிளையிலுள்ள இலைகளைக் கையால் உருவி நீக்குதல் என்னும் பொருளும் உண்டு.

இவற்றை ஒருங்கே நோக்கினால் ஒவ்வொரு மொழியும் ஒரே தொழிலில் ஒவ்வோர் அசைவைத் தேர்ந்து பெயரிட்டமை புலப்படும். தமிழ் கயிற்றின் இழுப்பையும், மராத்தி தண்டின் சுழற்சியையும், சிங்களம் உளியின் கீறலையும், அரபி மேற்பரப்பு உரிந்து விழுதலையும் கண்டன. குசராத்தியின் 'சங்காடோ' மட்டும் பொருத்தப்பட்ட சட்டம் என்னும் பொருளடியாகப் பிறந்து, அசையாப் பகுதிக்குச் சிறப்புத் தருகிறது. அதுவும் பொறி முழுவதையும் சுட்டுமேயன்றி உளித்தாங்கியைத் தனித்துச் சுட்டாது.

3. புனேயும் அகராதிப் பணியும்

ஜேம்ஸ் மோல்ஸ்வொர்த் மராத்திப் பண்டிதர்களின் துணையுடன் தொகுத்த மராத்தி–ஆங்கில அகராதி 1831இல் பம்பாயில் வெளிவந்தது. திருத்திய இரண்டாம் பதிப்பு 1857இல் வந்தது. இப்பணியில் உடனுழைத்த கேண்டி உடன்பிறந்தார் இருவருள் தாமஸ் கேண்டி புனேயில் கல்விப் பணியாற்றியவர்; அரசின் மராத்தி மொழிபெயர்ப்பாளராகவும் விளங்கினார். பின்னர் யசுவந்த் தாத்தே, சிந்தாமணி கர்வே முதலியோர் தொகுத்த 'மகாராஷ்டிர சப்தகோசம்' 1932 முதல் புனேயிலிருந்து பல தொகுதிகளாக வெளிவந்தது. 1950களில் டெக்கான் கல்லூரி நடத்திய மொழியியல் பயிற்சிப் பள்ளிகளில் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் பயின்றனர்.

அதே நகரில் தொழிற்கல்வி மற்றொரு சொற்றொகுதியைக் கொணர்ந்தது. 1854இல் தொடங்கிய பொறியியல் வகுப்பும் இயந்திரப் பள்ளியும் பின்னாளில் புனே பொறியியற் கல்லூரியாக வளர்ந்தன. அங்குக் கருவிகளின் பெயர்கள் ஆங்கில நூல்களின் வழியே பயிலப்பட்டன. ஆங்கிலத்தில் இத்துறைச் சொற்கள் முன்பே ஏட்டில் ஏறியிருந்தன. இலண்டன் அச்சாளர் ஜோசப் மாக்சன் 17ஆம் நூற்றாண்டிலேயே கடைசல் பொறியின் உறுப்புகளைத் தனித்தனியே பெயர்சுட்டி விளக்கினார். 1701இல் லியோன் நகரில் வெளிவந்த சார்லசு புளுமியேயின் கடைசற்கலை நூல் பிரெஞ்சு, இலத்தீன் ஆகிய இரு மொழிகளிலும் எழுதப்பட்டது. பட்டறைச் சொற்களுக்குப் புலமை மொழியில் நிகரன் காணும் முயற்சியாகவும் அது அமைந்தது. நம் நாட்டில் பட்டறைக்கும் ஏட்டுக்குமிடையே அத்தகைய பாலம் காலத்தில் அமையவில்லை.

அகராதிகள் இலக்கியத்திலும் பொதுவழக்கிலும் பயின்ற சொற்களையே பெரிதும் தேடின. கடைதல் என்னும் வினை பட்டறையை விட்டு வெளியேறி அடுக்களையிலும் புராணத்திலும் உலவியதால் அகராதியை அடைந்தது. உளித்தாங்கி பட்டறையை விட்டு வெளியேறவில்லை. அதனைச் சுட்டிக்காட்டி 'கட்டை', 'சட்டம்', 'பலகை' எனக் கூறினாலே அருகிலிருக்கும் துணையாளுக்குப் பொருள் விளங்கிவிடும். தனிப்பெயரின் தேவை, பொருளைக் காணாதவனுக்கு எழுத்தால் விளக்க நேரும்போதுதான் எழுகிறது.

4. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

அத்தேவை மொழிபெயர்ப்பாளரிடமே முதலில் வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் 'டூல் ரெஸ்ட்' என வழங்கும் தொடரை அகராதி கொண்டு பெயர்த்தால் 'கருவி ஓய்வு' என்னும் பொருளற்ற ஆக்கம் கிடைக்கும். இங்கு 'ரெஸ்ட்' என்பது ஓய்தல் அன்று. ஒன்றன்மேல் ஊன்றி நிற்றல். அவ்வாறே 'ஸ்பின்டில்' என்பதைக் 'கதிர்' எனப் பெயர்த்தால் மராத்தியர்க்கு அது இயல்பாகத் தோன்றலாம். அம்மொழியில் நூற்றலும் கடைதலும் ஒரே வினை. தமிழில் கடைசல் நூற்றலோடு உறவு கொள்ளாததால், பயிற்சி மாணவன் நெசவுக் கருவியொன்றைக் கற்பனை செய்வான். 'தண்டு' என்பதே ஏற்புடையது.

'கருவி' என்னும் பொதுச்சொல்லைவிட 'உளி' சிறந்தது; கடைசற்காரர் கையாள்வது உளியே. 'தாங்கி' என்பது தொழிற்பாட்டை நேராக உணர்த்தும். சுமைதாங்கி, இடிதாங்கி என்னும் ஆக்கங்களோடு ஒத்தும் வரும். ஆகவே 'உளித்தாங்கி' எனவும், நீண்ட தண்டுக்குரியதை 'நெடுந்தாங்கி' எனவும் வழங்கலாம். எனினும் பட்டறைகளில் வேறு சொல் வழங்குமாயின் அதுவே முன்னுரிமை பெற வேண்டும். கலைச்சொல் ஆக்கம் கள ஆய்வுக்குப் பின்னரே வரத்தக்கது.

இது காலம் தாழ்த்தத்தக்க பணியன்று. புனேயின் துளசிபாக் அங்காடியில் விற்கும் 'பாத்துக்கலி' என்னும் சிறுவர் சமையற் சாமான்களும் அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளும் ஒரே விளையாட்டின் இரு வடிவங்கள். தினகர் கேல்கர் திரட்டி மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்த புனே அருங்காட்சியகம் வீட்டுப் பயன்பொருள்களைப் போற்றிக் காக்கிறது. பொருளை அவ்வாறு பேழையில் வைத்துக் காக்கலாம். அதனைச் செய்தவர் தம் கருவியின் ஒவ்வோர் உறுப்பையும் எவ்வாறு அழைத்தார் என்பதை அவர் பேச்சிலிருந்தே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பட்டறை மூடிய பின் அச்சொல்லை எந்தப் பேழையிலும் தேடிப் பெற இயலாது.