அடிமனை

அடி + மனை: வீட்டைத் தாங்கும் நிலம். ‘மனை’ என்ற சொல் வீடு, இல்லாள், வீடு கட்டும் இடம் மூன்றையும் குறிக்கும். ‘அடி’ சேர்ந்ததும் நிலம் மட்டுமே. வேதாரண்யம், கும்பகோணம் பக்கம் “கட்டடம் எங்களுது, அடிமனை கோயிலுது” என்பார்கள். வீட்டைக் கட்டியவரே மண்ணுக்கு வாடகை கட்டுகிறார். கோயில் சொத்துகளுக்கான தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவு சொல்லும் ‘நியாய வாடகை’ சந்தை மதிப்பைப் பார்க்கிறது. குடியிருப்பவரின் கூலியைப் பார்ப்பதில்லை. இது நியாயமாகப் படவில்லை. வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் ஐப்பசி மழை பிடித்தால் மாதக்கணக்கில் வேலை இருக்காது. கோயில் அடிமனையில் இருப்பவர் அப்போதும் வாடகை கட்டியாக வேண்டும். மிராசுதார் நிலத்தில் கதை வேறு: பண்ணையாள் குடிசை போட்டிருந்த அடிமனையை அவருக்கே சொந்தமாக்க வழி செய்தது 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம். ‘குடிசையைக் காலி பண்ணு’ என்ற மிராசுதார் மிரட்டலுக்கு அதன் பிறகுதான் வலு குறைந்தது.