காலிகைமீரா பெர்பிளெக்சா

காலிகைமீரா பெர்பிளெக்சா, கிரெட்டேசியக் காலக் கடலில் 9 கோடி முதல் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்து மறைந்த சிறிய நண்டினம். படத்தில் பார்ப்பவர் இதை நண்டென்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார்.

2005-இல் கொலம்பியாவின் பொயாகா மாநிலத்தில், பெஸ்கா என்ற ஊரருகே ஹாவியர் லூக்கே இதன் புதைபடிவங்களைக் கண்டெடுத்தார். இன்று ஆண்டிஸ் மலைப்பகுதியாக உள்ள அந்த இடம் அக்காலத்தில் கடலடி. கூடவே சிற்றிறால் வகைகளும் ஏராளமாகக் கிடைத்தன. அமெரிக்காவின் வயோமிங் மாநிலப் பாறைகளிலும் இந்த நண்டு அகப்பட்டது. ஆயினும் லூக்கே குழுவினர் இதை முறைப்படி விவரித்துப் பெயரிட்டது 2019 ஏப்ரலில், சயின்ஸ் அட்வான்சஸ் ஆய்விதழில்தான். பல விலங்குகளின் உறுப்புகள் கலந்த கிரேக்கப் புராண உயிரான கைமீராவின் பெயரை அவர்கள் எடுத்தாண்டது பொருத்தமே.

நண்டென்றால் அகன்ற ஓடு, ஓட்டின் குழிக்குள் ஒடுங்கும் சிறு கண்கள், வயிற்றின் கீழ் மடிந்த வால். இதற்கோ உடல் நீண்டு ஒடுங்கியது. வால் பகுதி வெளியே தெரியும். கண்களுக்குக் குழியே இல்லை. இன்றைய நீந்தும் நண்டுகளுக்குக் கடைசிக் கால்கள்தாம் துடுப்பாகும். இதற்குக் கொடுக்கை அடுத்த இரண்டு இணைக் கால்கள் தட்டையாகித் துடுப்பாயின, பின்கால்கள் சிறுத்துவிட்டன. மணலில் ஊர்ந்து திரிவதைவிட நீந்துவதற்கே ஏற்ற உடல் இது.

பெருங்கண், மூடாத வால் முதலிய கூறுகள் இன்றைய நண்டுகளின் இளவுயிரிப் பருவத்தில் காணப்படுபவை. வளர வளர மாறிவிடும். காலிகைமீராவோ அவற்றை முதிர்ந்த பின்னும் விடவில்லை. குஞ்சுப் பருவக் கூறுகள் நிலைத்துவிட்டதாலேயே இப்புதிய உருவம் பிறந்தது என்பது லூக்கேயின் விளக்கம். இதுவரை சொல்லப்பட்டவற்றில் நம்பத்தக்க விளக்கம் அதுவே.

கண்கள் தனிக் கதை. கூட்டுக்கண்ணின் நுண் முகப்புகள்கூடக் கல்லில் தெளிவாகப் பதிந்துள்ளன. கெல்சி ஜென்கின்ஸ், டெரெக் பிரிக்ஸ், லூக்கே மூவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கண்கள் உடலளவில் சுமார் 16 சதவீதம். இவ்வளவு பெரிய கண், பார்வையை நம்பி இரை தேடும் வேட்டையாடிக்கே உரியது என்றும் அவர்கள் முடிவு செய்தனர்.

நண்டு வடிவம் பரிணாமத்தில் ஐந்து முறையாவது தனித்தனியே தோன்றி, ஏழு முறையாவது கைவிடப்பட்டது என 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது. அப்படிக் கைவிட்ட கிளைகளுள் ஒன்றான காலிகைமீராவுக்கென வகைப்பாட்டில் தனிக் குடும்பமே அமைக்க நேர்ந்தது. அக்குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது எதுவுமில்லை.