பேரேட்டில் ஏறிய பெயர்

மலாக்கா தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில் தாத்தாவுக்கு முந்திய பெயரைக் கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். "நாகப்பட்டணத்துல கப்பல் ஏறி வந்தாங்க" என்பார்கள். எந்த ஊர், யாருடைய மகன், எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் இராது. அதற்காக அந்தத் தாத்தாவின் பெயரை யாரும் எழுதவே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். எழுதியிருக்கிறார்கள், பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். நமக்காக எழுதவில்லை, அவ்வளவுதான். அந்தப் பதிவுகள் எதற்காகப் பிறந்தன என்று தெரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

மலாயாவில் ரப்பரைத் தோட்டப் பயிராக முதலில் நட்டது மலாக்கா மண்ணில்தான். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி விதையையும் ஊக்கத்தையும் கொடுக்க, தான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டுப் பார்த்தார். அது பிழைத்தது. அடுத்து குனோங் லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் அசஹான் பெருந்தோட்டமானது. மரம் பெருகப் பெருகப் பால் வெட்டுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. ஒரு துரை செலவு செய்து வரவழைத்த ஆளை இன்னொரு துரை கூப்பிட்டுக்கொண்டு போகும் சச்சரவும் வளர்ந்தது. அதைத் தீர்க்க 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஒன்றைச் சட்டமாக்கினார்கள். தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர் எத்தனை நாள் வேலை செய்தார்களோ அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு முதலாளியும் நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்களின் கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து போனது.

ஆக, ஆளை எண்ணியே தீர வேண்டும். விடியுமுன் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் தோட்டக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிட்டு செக்ரோல் என்ற வருகை ஏட்டில் பதித்ததற்குச் சம்பளக் கணக்கு ஒரு காரணம் என்றால், இந்த வரிக் கணக்கு இன்னொரு காரணம். பெயர், வேலை நாள், கூலி ஆகியவற்றோடு அந்த ஏட்டின் அக்கறை முடிந்துவிட்டது. ஊரும் தகப்பன் பெயரும் அதற்குத் தேவைப்படவில்லை.

இங்கேதான் நமக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழருக்கும் பெரிய வித்தியாசம். டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஆளுக்கு ஓர் எண், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா என்று கப்பல்வாரியாக எழுதி வைத்தார்கள். அந்தப் பட்டியல்களை இன்று இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் முடிந்தது. நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் அதற்குப் பிறகு, ஊரில் ஆள் சேர்த்த கங்காணி பின்னாலோ தாமாகவோ வந்தவர்கள். கங்காணி கையில் தோட்டம் கொடுத்த உரிமச் சீட்டு இருந்தது. அவர் சேர்க்கும் ஆளுக்குக் கிராம முன்சீப்பின் ஒப்புதல் வேண்டியிருந்தது. பிறகு ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாம், அங்கிருந்து ரஜுலா போன்ற கப்பல். 1938-இல் இந்திய அரசு தடை போட்டதோடு அந்த வழியும் அடைபட்டது. அந்நாள் பத்திரிகைகளின் கப்பல் செய்தியில் மேல்வகுப்பு வெள்ளைக்காரப் பயணிகளின் பெயர்கள் வரும். தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த நம்மவர்கள் வெறும் எண்ணிக்கைதான். அந்தப் பக்கங்களில் தாத்தாவைத் தேடி நாளைக் கழிக்க வேண்டாம்.

பெயரும் தகப்பனும் தாயும் இடமும் ஒரே தாளில் சேர்ந்தது பிறப்புப் பத்திரத்தில்தான், அதிலும் மலாக்காவுக்கு ஒரு தனி நல்வாய்ப்பு உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் மலாக்கா மலாய் சுல்தான்களின் ஆட்சிப் பகுதியாக இல்லை. சிங்கப்பூர், பினாங்கோடு சேர்ந்த நீரிணைக் குடியேற்றம். 1867-இல் அது லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போன சில ஆண்டுகளிலேயே பிறப்பு, இறப்புப் பதிவு சட்டமாகிவிட்டது. அங்கே பிறந்த தோட்டத்துக் குழந்தை பிரிட்டிஷ் பிரஜை. 1948-இல் மலாயா கூட்டரசு உருவானபோது, மலாக்காவில் பிறந்து நாட்டிலேயே நிலைத்திருந்த பிரிட்டிஷ் பிரஜை தானாகவே குடிமகனானார். பக்கத்து நெகிரி செம்பிலானில் பிறந்த தமிழருக்குப் பெற்றோர் எங்கே பிறந்தார்கள், எத்தனை ஆண்டு வசித்தார்கள் என்று மேலும் கேள்விகள் இருந்தன. பத்தாங் மலாக்கா மாதிரி எல்லை ஊரில், கோட்டுக்கு எந்தப் பக்கம் பிறந்தோம் என்பதே தலைவிதியைத் தீர்த்தது. அந்தத் தாளை டிரங்குப் பெட்டியின் அடியில் புடவைக்குள் சுற்றி வைத்த பாட்டிகள் காரணம் தெரிந்துதான் வைத்தார்கள்.

போருக்கு முந்திய பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயரை விட மற்றக் கட்டங்கள்தான் முக்கியம். பிறந்த இடத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். தகப்பனின் தொழில் கட்டத்தில் 'கூலி' என்ற ஒரே சொல் இருக்கலாம். தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. அது கிராணியாகவோ, ஆஸ்பத்திரி டிரெஸராகவோ, ஓர் உறவுக்காரராகவோ இருக்கலாம். உறவுக்காரர் என்றால் உங்களுக்கு இன்னொரு கிளை கிடைத்துவிட்டது.

ஜப்பான்காரன் காலத்தில் எல்லாம் அறுந்தது. தம்பினிலிருந்து மலாக்கா டவுனுக்கு ஓடிய ரயில் பாதையையே பிடுங்கி சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போனார்கள். தோட்டத்து ஆட்களையும் கொண்டு போனார்கள். போனவர்களில் ஏராளமானோருக்கு இறப்புப் பதிவே கிடையாது. ஒரு பெயர் 1942-க்குப் பிறகு எங்குமே அகப்படவில்லை என்றால் இதையும் மனத்தில் வைத்துத்தான் தேட வேண்டும். 1948-இல் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளைப் பிரித்தறிய, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் வைத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். எத்தனையோ பாட்டிகளின் முதல் புகைப்படம் அந்த அட்டையில் இருப்பதுதான்.

இனி இணையத்துக்கு வருவோம். மலாக்கா நீரிணைக் குடியேற்றமாக இருந்ததால், போருக்கு முந்திய அதன் நிர்வாகத் தாள்கள் பலவும் சிங்கப்பூரோடு சேர்ந்துவிட்டன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மைக்ரோபிலிமிலிருந்து மின்வடிவாக்கி, 2010 வாக்கில் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்று திறந்துவிட்டது. 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு, 1928 முதல் 1940 வரையிலான மலாக்கா கார்டியன் எல்லாம் அதில் உண்டு. எனக்கு இந்த மூன்றில் மலாக்கா கார்டியன்தான் பொக்கிஷம். ஜாசின் கோர்ட்டு வழக்கும் தோட்டத்து விபத்தும் அலோர் காஜா கூட்டமும் உள்ளூர்ப் பத்திரிகையில்தானே வரும்.

தேடும்போது தாத்தாவின் பெயரைத் தட்டாதீர்கள், தோட்டத்தின் பெயரைத் தட்டுங்கள். தெபோங், காடேக், டைமண்ட் ஜூபிலி, புக்கிட் அசஹான் என்று ஒவ்வொன்றாகப் போட்டு ஆண்டைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். வேலைநிறுத்தம், மேனேஜர் மாற்றம், தோட்ட விற்பனை என்று குடும்பக் கதையோடு பொருந்தும் செய்திகள் வரும். புக்கிட் அசஹான் தொழிலாளர்கள் 1967-இல் கோலாலம்பூருக்கு நடந்தே போய் நியாயம் கேட்டார்கள். அந்தத் தோட்டத்து வீடு என்றால் அந்த ஆண்டுப் பக்கங்களை விடவே கூடாது. அதன் பிறகு பெயருக்கு வாருங்கள். முனியாண்டி ஒரு தாளில் 'யு' போட்டும் இன்னொன்றில் இரண்டு 'ஓ' போட்டும், முடிவில் 'ஐ' வைத்தும் 'ஒய்' வைத்தும் ஏறியிருப்பார். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ் முரசுக்குக் கையில் தேதி இருந்தால் நல்லது.

1957-இல் அமைந்த மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தொழிலாளர் இலாகா கோப்புகளைத் தேடலாம். கோப்பைப் படிக்க கோலாலம்பூருக்குப் போக வேண்டியிருக்கும். யூட்டாவில் 1894-இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் ஃபேமிலிசர்ச் தளமும் இலவசம்தான். வம்ச மரத்தைப் பதித்து உறவினரோடு சேர்ந்து வளர்க்க அது உதவும். தோட்டங்களுக்கு வெகுமுன்பே வந்து குடியேறிய மலாக்கா செட்டிகளின் வழி வேறு. 1781-இல் பொய்யாத விநாயகர் கோயில் கட்டிய அவர்களின் முன்னோர் டச்சுக் கம்பெனியின் ஏடுகளில் இருக்கிறார்கள். ஹேக் ஆவணக் காப்பகம் அவற்றைத் திறந்து வைத்திருக்கிறது.

கடைசியில் தேட வேண்டியது தமிழ்நாட்டு ஊர். பழைய தாளில் 'திருச்சி' என்றிருந்தால் அது இன்று கரூர், பெரம்பலூர், அரியலூர் எதுவாகவும் இருக்கலாம். 'சேலம்' என்றிருந்தால் 1997-இல் பிரிந்த நாமக்கல்லையும் பாருங்கள். தாள் ஊரைச் சொல்லவில்லையென்றால் வீட்டுப் பெரியவர்களிடம் குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். பிள்ளைக்கு முடியிறக்க யார் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டார்கள் என்று கேட்டால் ஊர் மறந்தவர்களும் சாமி பேரைச் சொல்லிவிடுவார்கள். மாரியம்மன், முனீஸ்வரன் என்று பொதுப் பெயர் வந்தால் விடாமல் இன்னும் கேளுங்கள். அடைமொழியோடு ஒரு பெயர் வந்தால் அதைத் தாலுகா பெயரோடு தமிழிலேயே தட்டித் தேடுங்கள். கோயில் இருக்கும் கிராமம் வரைபடத்தில் வந்து நிற்கும், பங்காளிகளை அங்கிருந்து விசாரிக்கத் தொடங்கலாம்.