சேப்பாக்கத்தில் தொலைந்த பருவம்: சென்னை சூப்பர் கிங்ஸ், 2025

ஐந்து முறை ஐபிஎல் கிண்ணம் வென்ற சென்னை சூப்பர் கிங்ஸ், 2025 இல் 14 ஆட்டங்களில் 4 வெற்றி, 10 தோல்வியுடன் பத்தாவது இடத்தில் முடித்தது. கடைசி இடம் அதற்கு அதுவே முதற்தடவை.

2020 இல் ஏழாம் இடம், 2022 இல் ஒன்பதாம் இடம் என்று முன்பும் சறுக்கியதுண்டு. இம்முறை சொந்த மைதானமே கைவிட்டது. சேப்பாக்கத்தில் மும்பையை வென்று தொடங்கியவர்கள், அதன்பின் அங்கு ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோற்றனர். பெங்களூரு 2008 இற்குப் பின்னும், டெல்லி 2010 இற்குப் பின்னும் அங்கே சென்னையை வென்றன. ஹைதராபாத்துக்கோ அம்மைதானத்தில் சென்னைக்கு எதிராக அதுவே முதல் வெற்றி. ஏப்ரல் 11 ஆம் திகதி சென்னை எடுத்த 103 ஓட்டங்களைக் கொல்கத்தா பதினோராவது ஓவரிலேயே கடந்தது. பாரிஸ் நேரம் மாலை 4 மணிக்கு, வேலைக்கிடையே கைபேசியில் பார்த்த எமக்கு அன்று அதிக நேரம் வீணாகவில்லை!

ருதுராஜ் காயமடைந்ததால் 43 வயதில் மீண்டும் தலைமையேற்ற டோனியை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. நூர் அகமது 24 விக்கெட்டுகள் எடுத்தும், தொடக்கத் துடுப்பாட்டத்தின் மந்தமே அணியைக் கவிழ்த்தது. 17 வயது ஆயுஷ் மாத்ரே பாதியில் வந்த பின்பே வேகம் தெரிந்தது.

அதே பருவத்தில் பிரெஞ்சு உதைபந்தாட்டத்தில் கடைசியான மொன்பெலியே இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. ஐபிஎல்லில், அமெரிக்க பேஸ்போலைப் போல, தரமிறக்கம் கிடையாது. சென்னை அவ்வாண்டு நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது.