நீலப்பசும்பாசி மரபணுப் பொறியியல் வரலாறு

சயனோபாக்டீரியா எனப்படும் நீலப்பசும்பாசி, சூரிய ஒளி, நீர், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் நுண்ணுயிர் ஆகும். ஈஸ்ட்டைக் கொண்டு ஒரு சேர்மத்தைப் பெற வேண்டுமானால் அதற்குச் சர்க்கரை ஊட்ட வேண்டும். சர்க்கரைக்கு விளைநிலம் வேண்டும். நீலப்பசும்பாசிக்கு இவை வேண்டியதில்லை. பிற உயிர்களின் மரபணுக்களை இதனுள் புகுத்திப் பயனுள்ள சேர்மங்களைப் பெறும் முயற்சிக்கு இதுவே காரணம்.

இவ்வகை நுண்ணுயிர் வெளியிலிருந்து டி.என்.ஏ.வை ஏற்கும் என்பதை 1970-இல் சோவியத் ஒன்றியத்தின் செஸ்தகோவ், கியென் ஆகியோர் காட்டினர். 1996-இல் ஜப்பானின் கசுசா டி.என்.ஏ. ஆய்வு நிறுவனம் சினெக்கோசிஸ்டிஸ் 6803 என்னும் வகையின் மரபணுத்தொகையை வெளியிட்டது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களுள் முதன்முதலில் முழுமையாக அறியப்பட்ட மரபணுத்தொகை இதுவே.

1999-இல் கனடாவில் டெங், கோல்மன் ஆகியோர் சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் இரு மரபணுக்களைச் சினெக்கோகாக்கஸ் 7942-இல் சேர்த்து எத்தனால் பெற்றனர். 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மெலிஸ் குழுவினர், குட்சு என்ற கொடியின் மரபணுவால் சினெக்கோசிஸ்டிஸை ஐசோபிரீன் உண்டாக்கச் செய்தனர். இயற்கை ரப்பரின் அடிப்படை அலகு ஐசோபிரீன். இது ஆவியாக வெளியேறுவதால் செல்லை உடைக்காமலே சேகரிக்கலாம்.

ஆயினும் விளைச்சல் மிகக் குறைவாகவே இருந்தது. செல் தான் பெறும் கார்பனில் பெரும்பகுதியைத் தன் வளர்ச்சிக்கே செலவிடுகிறது. மேலும், புகுத்திய மரபணு செயலிழந்த செல்கள் விரைவாகப் பெருகி மற்றவற்றை முந்திவிடுவதும் உண்டு. சேர்மத்துக்குச் செல்லும் கார்பனின் பங்கைக் கூட்டுவதும், புகுத்திய பண்பு மறையாமல் காப்பதுமே இத்துறையின் முதன்மையான சவால்கள்.